ஜெராக்ஸ் கடையின் 4 கணினிகளும் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெல்டா மாவட்டம் ஒன்றில் ஒரு வட்டத் தலைநகர். பேருந்து நிலையத்திலிருந்து தாலுகா அலுவலகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது அந்த ஜெராக்ஸ் கடை. பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா நகல், சாதிச் சான்று, வருமானச் சான்று, பான் அட்டை, ரயில் டிக்கெட், தேர்வாணைய விண்ணப்பம், ஆதார் ரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பது என்று ஊரின் பாதி வேலை அங்கேதான் நடக்கும். கடையை நடத்துபவர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். வேலைக்கு இரண்டு பெண்கள். நான் அந்தப் பகுதிக் கடைகளுக்குக் கணினி பழுது பார்ப்பவன். மாதம் ஒருமுறை போவேன், அழைத்தால் நடுவிலும் போவேன்.

கடையில் நான்கு கணினிகள். முதல் இரண்டில் விண்டோஸ் 10, மற்ற இரண்டில் விண்டோஸ் 7. நான்கிலும் எல்லோரும் பயன்படுத்தும் ஒரே உலாவிதான் (பிரவுசர்) இருந்தது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்த தவறு எங்கள் அமைப்பிலும் பழக்கத்திலும் இருந்தது.

2024 மே: சம்பவம்

பிளஸ் டூ தேர்வு முடிவு அந்த ஆண்டு மே 6 அன்று வந்தது. அடுத்த வாரம் முழுக்கக் கடையில் பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக் கூட்டம். ஒரு தகப்பனார் தன் மகளோடு வந்து மூன்றாவது கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைப் பெண் மின்னஞ்சல் கட்டத்தில் சுட்டியை வைத்ததும் ஒரு பட்டியல் இறங்கியது. முப்பது, நாற்பது மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகள். அவசரத்தில் விரல் பட்டு அதில் ஒன்று தேர்வாகிவிட்டது. கடவுச்சொல்லும் தானாக நிரம்பியது. உள்ளே நுழைந்துவிட்டது.

திரையில் வேறொரு பையனின் விண்ணப்பம். புகைப்படம், மதிப்பெண், சாதிச் சான்று, வீட்டு முகவரி எல்லாம் அதில் இருந்தன. தகப்பனார் குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம தெருப் பையன் ஆச்சே" என்றார். உடனே வெளியேறிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. பணம் கொடுக்கும்போது மட்டும் அக்காவிடம் கேட்டார்: "அப்ப எம் பொண்ணோடதையும் நாளைக்கு வேற யாராவது இப்படித்தான் பார்ப்பாங்களாம்மா?"

அன்று இரவு ஒன்பது மணிக்கு அக்கா எனக்குப் போன் செய்தார்.

கணினிகளில் நான் கண்டது

மறுநாள் கடை திறக்கும் முன்பே போனேன். நான்கிலும் சேமித்து வைத்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சேர்த்து அறுநூறுக்கு மேல். பாதிப் பேருடைய கடவுச்சொல் அவர்கள் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததாக இருந்தது. "சேமிக்கவா?" என்று உலாவி கேட்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி மறையவேண்டும் என்பதற்காகவே பெண்கள் "சரி" அழுத்தியிருக்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

அதைவிட மோசமானது முதல் கணினியில் இருந்தது. சென்னையில் படிக்கும் அக்காவின் மகன் எப்போதோ விடுமுறைக்கு வந்தபோது தன் சொந்தக் கணக்கில் அந்த உலாவிக்குள் நுழைந்திருக்கிறான். ஒத்திசைவும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணினியில் சேமித்ததெல்லாம் அவன் கைப்பேசிக்கும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். "ஆமாம்மா, யார் யாரோ பேரெல்லாம் இருக்கு. நான் கவனிக்கவே இல்ல" என்றான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விண்டோஸ் 7 கணினிகளில் உலாவி பழைய பதிப்பிலேயே நின்றிருந்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-க்கான ஆதரவை 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடித்துக்கொண்டது. அதன் பிறகு உலாவிகளும் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. இரண்டாவது கணினியில் பிடிஎஃப் மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு நீட்சி (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்) இருந்தது. எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி. யார் நிறுவியது என்று யாருக்கும் நினைவில்லை.

இருந்த வழிகளும் எடுத்த முடிவும்

இருக்கும் உலாவியிலேயே கடவுச்சொல் சேமிப்பை நிறுத்திவிட்டு, மூடியதும் எதையும் மிச்சம் வைக்காத விருந்தினர் முறையில் வேலை செய்வது முதல் வழி. விண்டோஸ் 10 கணினிகளுக்கு அப்போது அது போதுமாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். விண்டோஸ் 7-இல் பாதுகாப்புத் திருத்தமே வராத உலாவியை வைத்துக்கொண்டு எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை.

பழைய இரண்டு கணினிகளிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடுவது இரண்டாவது வழி. எனக்கு ஆசைதான். ரேகைச் சாதனத்துக்கும் பிரிண்டருக்கும் உடனே ஓட்டுநிரல் (டிரைவர்) கிடைக்குமா என்று உறுதியாகத் தெரியவில்லை. சேர்க்கைக் காலத்தில் இரண்டு கணினிகள் ஒருநாள் நின்றால்கூடக் கடைக்கு அடி.

மூன்றாவது வழி ஃபயர்ஃபாக்ஸ். 2023 ஜூலையில் வந்த அதன் 115-ஆம் பதிப்பின் நீண்டகால ஆதரவு வடிவத்துக்கு விண்டோஸ் 7-இலும் பாதுகாப்புத் திருத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அப்போது 2024 செப்டம்பர் வரை என்று சொல்லியிருந்தார்கள். நான்கு மாதம்தான் உத்தரவாதம் என்று அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். (பிறகு ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா அந்தக் கெடுவை 2025 மார்ச், 2025 செப்டம்பர் என்று தள்ளிக்கொண்டே போனது. அது எங்கள் நல்ல நேரம். திட்டமிட்டுச் செய்ததாக எழுத மாட்டேன்.)

எனக்கு முக்கியமாகப் பட்ட காரணம் வேறு. ஃபயர்ஃபாக்ஸ் நிறுவியிருக்கும் அடைவுக்குள் ஒரு சிறு கொள்கைக் கோப்பை வைத்துவிட்டால் போதும். கடவுச்சொல் சேமிக்காதே, படிவத்தில் எழுதியதை நினைவில் வைக்காதே, மூடும்போது எல்லாவற்றையும் அழி, யாரும் கணக்கில் நுழையக் கூடாது, நீட்சி நிறுவக் கூடாது என்பதையெல்லாம் அதில் எழுதலாம். கடைப் பெண்களோ வீட்டுப் பிள்ளைகளோ அமைப்புகளுக்குள் போய் அதை மாற்ற முடியாது. சர்வரும் வேண்டாம், உரிமக் கட்டணமும் இல்லை. அந்தக் கோப்பு வெறும் உரைக் கோப்பு. என்ன எழுதியிருக்கிறேன் என்று அக்காவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன்.

இது திறந்த மூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம் என்பதும் எனக்குப் பெரிய விஷயம். நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் தன் உலாவியின் மூல நிரலை வெளியிட்டதிலிருந்து தொடங்கிய வேலை இது. 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. நடத்துவது ஓர் இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்குச் சொந்தமான நிறுவனம். அதன் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கிடைக்கும் பணம்தான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியமும் திறந்த மூலம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் விண்டோஸில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் குரோமியத்தை இப்படி ஒரு கடையில் வைத்துப் பராமரிக்க எனக்கு எளிய வழி தெரியவில்லை.

அக்காவின் கவலை ஒன்றுதான். "சைட்டு ஓடலைன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க தம்பி." சரி, முதலில் ஒரே ஒரு கணினியில் ஒரு வாரம் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். பழைய உலாவியை நீக்கவில்லை. அதன் சின்னத்தை மட்டும் திரையிலிருந்து எடுத்துவிட்டோம்.

பழையதை அழித்தது

இதில் வரிசை முக்கியம். மகனின் கணக்கிலிருந்து முதலில் வெளியேறியிருந்தால் கடவுச்சொற்கள் அவன் கணக்கிலேயே தங்கியிருக்கும். அதனால் ஒத்திசைவு ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் நீக்கினோம். கைப்பேசியிலும் காலியாகிவிட்டது என்று அவன் பார்த்துச் சொன்ன பிறகுதான் கணக்கிலிருந்து வெளியேறினோம். கடைக்கே சொந்தமான ஏழெட்டு கடவுச்சொற்களை மட்டும் அக்கா ஒரு நோட்டில் எழுதிப் பணப்பெட்டி இழுப்பறைக்குள் பூட்டி வைத்தார்.

முதல் தவறு என்னுடையது. இரண்டாவது கணினியில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவி, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கொள்கைக் கோப்பை வைக்கலாம் என்று தேநீர் குடிக்கப் போய்விட்டேன். முதல்முறை திறக்கும்போது, பழைய உலாவியிலிருந்து தரவைக் கொண்டு வரவா என்று அது கேட்கும். கடைப் பெண் உதவி செய்வதாக நினைத்து "சரி" அழுத்திவிட்டார். அந்தக் கணினியின் பழைய உலாவியில் நாங்கள் இன்னும் அழிக்காமல் வைத்திருந்த 140 கடவுச்சொற்களும் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. ஃபயர்ஃபாக்ஸ் தன் தரவையெல்லாம் வைத்திருக்கும் சுயவிவரத்தையே நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினோம். மற்ற மூன்றிலும் முதலில் கோப்பை வைத்தோம், அப்புறம்தான் திறந்தோம்.

முதல் மூன்று வாரங்கள்

அச்சில் தொடங்கியது தொல்லை. ஃபயர்ஃபாக்ஸில் அச்சிட்ட வருமானச் சான்று கொஞ்சம் சுருங்கி வந்தது. மேலே தளத்தின் முகவரி, கீழே தேதி. ஒரு வங்கி ஊழியர், "இது ஒரிஜினல் மாதிரி இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தாள் அளவு லெட்டரில் இருந்தது. ஏ4-க்கு மாற்றி, தலைப்பும் அடிக்குறிப்பும் வேண்டாம் என்று சொல்லி, அளவை நூறு சதவீதம் வைத்ததும் சரியாகிவிட்டது. ஐந்து நிமிட வேலை. முன்னாலேயே ஒரு தாள் அச்சிட்டுப் பார்த்திருந்தால் அந்த மனிதர் வெயிலில் இரண்டு முறை நடந்திருக்க மாட்டார்.

அடுத்தது ரசீது. ஒரு தளம் பணம் கட்டியதும் ரசீதைப் புதிய சாளரத்தில் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தடுத்துவிட்டு மேலே ஒரு பட்டையில் சொல்லும். அந்தப் பட்டையைக் கவனிக்காமல், பணம் போகவில்லை என்று நினைத்து, மறுபடியும் 60 ரூபாய் கட்டிவிட்டார்கள். அக்கா தன் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தார். அன்று மாலையே அடிக்கடி பயன்படுத்தும் தளங்களுக்கு விலக்கு எழுதினேன்.

ரேகைச் சாதனம்தான் என்னை இரண்டு நாள் அலைய விட்டது. முதல் கணினியில் வேலை செய்த அதே சாதனம் மூன்றாவதில் "தயாராக இல்லை" என்றது. கேபிளை மாற்றினேன், ஓட்டுநிரலை மறுபடி நிறுவினேன். பிறகுதான் பொறி தட்டியது. இந்தச் சாதனங்களுக்கான சேவை நிரல் கணினிக்குள்ளேயே, 11100 முதல் 11120 வரையுள்ள முனை எண்களில் (போர்ட்) ஒன்றில் காத்திருக்கும். இணையப் பக்கம் அதோடு உள்ளுக்குள்ளேயே பேசும். அந்தப் பேச்சை நம்புவதற்கான டிஜிட்டல் சான்றிதழை நிரல் விண்டோஸின் களஞ்சியத்தில் பதித்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று தனிச் சான்றிதழ்க் களஞ்சியம் வைத்திருக்கும் உலாவி. 120-ஆம் பதிப்பிலிருந்துதான் விண்டோஸில் நாமாகச் சேர்த்த சான்றிதழ்களையும் தானாகவே எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் 10 கணினியில் இருந்தது அதற்குப் பிந்தைய பதிப்பு, மூன்றாவதில் இருந்தது 115. கொள்கைக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்ததும் சாதனத்தின் விளக்கு எரிந்தது.

ஒரு தளம் மட்டும் கடைசிவரை ஃபயர்ஃபாக்ஸில் ஓடவே இல்லை. அதற்காக முதல் கணினியில் விண்டோஸோடு வரும் உலாவியை வைத்துக்கொண்டோம். அந்தத் தளத்துக்கு மட்டும்.

தமிழ் இடைமுகம் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு பெண்களில் மூத்தவருக்கு அது பிடித்துவிட்டது. இளையவர், தளங்களெல்லாம் ஆங்கிலத்தில் பழகியிருந்ததால், மாற்றித் தரச் சொன்னார். மொழிபெயர்ப்பு தன்னார்வலர்கள் செய்வது என்பதால் சில பட்டிகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. வாடிக்கையாளர் பார்க்கும் மூன்றாவது, நான்காவது கணினிகளில் தமிழ், மற்றவற்றில் ஆங்கிலம் என்று விட்டுவிட்டோம்.

நோக்கமே தோற்ற இடம்

ஜூன் முதல் வாரம் சும்மா ஒரு பார்வை பார்க்கப் போனேன். நான்காவது கணினியில் யாரோ ஒருவரின் மின்னஞ்சல் திறந்தபடியே கிடந்தது. ஆள் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மூடும்போது எல்லாம் அழியும் என்றுதான் நான் எழுதியிருந்தேன். கடையில் ஃபயர்ஃபாக்ஸை யாருமே மூடுவதில்லை. காலை எட்டு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குக் கணினியோடு அணைப்பதுதான். ஒரு நாளில் வந்த எல்லோருடைய அமர்வும் அன்று முழுக்க உயிரோடு இருந்தது. கடவுச்சொல் சேமிப்பு நின்றதே தவிர, அந்தத் தகப்பனார் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் "ஆமாம்" தான்.

ஏன் மூடவில்லை என்று கேட்டேன். மறுபடி திறக்க விண்டோஸ் 7 கணினியில் அரை நிமிடம் ஆகிறது, பிறகு தளத்தைத் தேடவேண்டும், வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்றார் இளையவர். நியாயமான பதில். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு இரண்டு கணினிகளிலும் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டோம். கடைக்கு வேண்டிய பதினோரு தளங்களையும் திறந்தவுடன் பட்டையில் வரும்படி கோப்பில் எழுதினேன். பணம் வாங்கும்போதே சாளரத்தை மூடிவிட வேண்டும் என்று அக்கா ஒரு பழக்கம் வைத்தார். அதற்குப் பின் நான் சொல்லாமல் கொள்ளாமல் போன ஆறேழு முறையில் ஒரே ஒரு தடவைதான் திறந்தபடி இருந்தது.

இதிலிருந்து இன்னொரு சிக்கல் கிளம்பியது. வாடிக்கையாளர்கள் ஆவணம் அனுப்பும் வாட்ஸ்அப்பும் ஒவ்வொரு முறை மூடும்போதும் வெளியேறியது. தனிச் சுயவிவரம் வைத்தால் தப்பும் என்று நினைத்தேன். கொள்கைக் கோப்பு எல்லாச் சுயவிவரங்களுக்கும் பொருந்தும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். முதல் கணினியில் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தோம்.

மக்களிடம் சொல்வதா வேண்டாமா

இதுதான் எங்களுக்குள் உண்மையாகவே கடினமாக இருந்த முடிவு. அறுநூறு பேருடைய கடவுச்சொல் பல மாதம் யார் கைக்கும் எட்டும்படி இருந்திருக்கிறது. யாராவது தவறாகப் பயன்படுத்தினார்களா என்று கண்டறிய வழியே இல்லை. அழித்தாயிற்று, இனி எதற்குக் கிளறவேண்டும் என்றார் அக்கா. கடைப் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. பதினெட்டு வருடக் கடை. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

நான் ஒன்று மட்டும் சொன்னேன். பலரும் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் அதே கடவுச்சொல்லைத்தான் வைத்திருப்பார்கள். நாம் அழித்தது நம்மிடம் இருந்த நகலை மட்டும்தான்.

மூன்று நாள் யோசித்துவிட்டு அவரே எழுதினார். நான் எழுதிக் கொடுத்ததை, "இது யாருக்குப் புரியும்?" என்று ஒதுக்கிவிட்டார். கண்ணாடியில் ஒட்டிய தாளில் இருந்தது இதுதான்: "இங்கு விண்ணப்பித்தவர்களின் பாஸ்வேர்டு சில எங்கள் கம்ப்யூட்டரில் பதிவாகி இருந்தது. இப்போது அழித்துவிட்டோம். நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே வந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவோம்."

ஒரு மாதத்தில் நாற்பது பேர் போல வந்தார்கள். இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். ஒரு ஆசிரியர் மட்டும் ஏன் இப்படி நடந்தது என்று உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். அந்தத் தகப்பனாருக்கு அக்காவே போன் செய்து சொன்னார். அவர் ஆகஸ்ட்டில் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மகளோடு இங்கேயே வந்தார். மின்னஞ்சல் கட்டத்தில் சுட்டியை வைத்ததும் அக்கா திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். எந்தப் பட்டியலும் இறங்கவில்லை.

இன்னொரு கடையில் செய்தால் எதை மாற்றுவேன்

சேர்க்கைக் காலத்தின் நடுவில் தொடங்க மாட்டேன். கடவுச்சொற்களை அன்றே அழித்துவிட்டு, உலாவி மாற்றத்தை ஜூலைக்குத் தள்ளியிருக்கலாம். கொள்கைக் கோப்பு முதலில், உலாவி பிறகு. அச்சு, ரசீது, ரேகை மூன்றையும் ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகே வாடிக்கையாளரை உட்கார வைப்பேன். மக்களுக்கான அறிவிப்பை ஒரு மாதம் தள்ளிப்போட்டது சரியில்லை. முதல் நாளே ஒட்டியிருக்க வேண்டும். வேலை செய்பவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை எதை அழுத்துகிறார்கள் என்று அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால், "மூடும்போது அழி" என்பதை நம்பி மூன்று வாரம் ஏமாந்திருக்க மாட்டேன்.

பதிவிறக்க அடைவை நான் யோசிக்கவே இல்லை. உலாவி தன் நினைவை அழிக்கும், இறக்கி வைத்த கோப்புகளைத் தொடாது. செப்டம்பரில் பார்த்தபோது மூன்றாவது கணினியில் மட்டும் ஆதார் நகல், மதிப்பெண் சான்று என்று ஆயிரத்துக்கு மேல் கிடந்தன.

தற்போதைய நிலை

2025 தொடக்கத்தில் நான்காவது கணினியில் லினக்ஸ் போட்டோம். ஃபயர்ஃபாக்ஸுக்கு எழுதிய அதே கொள்கைக் கோப்பைப் பெரிய மாற்றமில்லாமல் அங்கேயும் வைத்தேன், ஓடியது. மூன்றாவது கணினிக்குப் பதிலாகப் செகண்ட் ஹேண்ட் விலையில் ஒரு விண்டோஸ் 11 கணினி வந்தது. ரேகை வேலை முழுக்க முதல் கணினிக்குப் போய்விட்டது. பதிவிறக்க அடைவைத் தானாகக் காலி செய்ய ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தேன். அச்சிடாத கோப்பு ஒன்று ஒருநாள் அதில் போய்விட்டதால் அக்கா அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது இரவு ஷட்டரை இறக்கும் முன் நான்கு கணினிகளிலும் அவரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குகிறார்.